ஆள் விலை – 9: தெரிஞ்ச பையன்தான்

‘முன்பின் தெரியாதவன் பேச்சை நம்பி வெளிநாட்டுக்குப் போகாதே.’ கல்லூரிக் கூட்டங்களில் இதைத்தான் சொல்கிறோம். மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு மீண்டவர்களின் கதைகளைப் படிக்கப் படிக்க, இந்த அறிவுரை பாதிக் கிணறுதான் தாண்டும் என்று தோன்றுகிறது. கூப்பிட்டவன் பல நேரம் தெரிந்தவன். கல்லூரியில் ஒரு வருடம் சீனியர், அல்லது அத்தை ஊர்க்காரன்.

“மச்சான், டேட்டா என்ட்ரி மாதிரிதான்டா. இங்கிலீஷ் ஓரளவு வந்தா போதும். டிக்கெட்ட கம்பெனியே போட்டுடும்.”

அவன் ஏன் அப்படிச் சொல்கிறான்? அவனும் அதே சுவருக்குள் இருக்கலாம். ‘ஆள் பிடித்துக் கொடு, உன்னை விடுகிறோம்’ என்று அவனிடம் சொல்லியிருப்பார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, போலி முகத்தோடு அரட்டையில் நுழைந்து முன்பின் அறியாதவர்களின் சேமிப்பைக் கறக்கச் சொல்லும் ‘கம்பெனி’ அது. டார்கெட் முடிக்காதவனுக்கு அடியும் மின்சார அதிர்ச்சியும் உண்டு. வீட்டிலிருந்து பணம் வந்தால் விடுதலை. வராவிட்டால் அடுத்த கம்பெனிக்கு விற்பனை. 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்படிச் சிக்கியவர்கள் மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர். கம்போடியாவில் சுமார் 1,00,000.

நமக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது: தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ்’ வேலை என்று ஐ.டி. படித்த இளைஞர்களை இழுக்கிறார்கள், துபாயிலும் இந்தியாவிலும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள் என்று. அடுத்த மாதமே மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன.

இதில் ஒரு வேடிக்கை. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ என்று இருக்கும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது புரட்டிப் பார்ப்பார். பட்டதாரிக்கு அந்தத் தடை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்தான் ஏமாறுவார் என்று எண்ணிப் போட்ட வேலி அது. மியாவடிக்காரர்களுக்கு வேண்டியதோ வேகமாகத் தட்டச்சு செய்யும் விரல்கள். கம்போடியாவும் லாவோஸும் மியான்மரும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

“விசாவே வேணாம் தம்பி” என்று ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை. 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களைத் தாய்லாந்து விசா இல்லாமலே அனுமதித்து வந்தது. ஆனால் அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருபவருக்கு. வேலைக்கென்று வேறு விசா உண்டு. சுற்றுலாப் பயணியாக இறங்கி வேலையில் சேரச் சொல்கிறவனிடம் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஏஜென்டின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். உரிமம் உள்ளவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இரண்டு லட்சம் கேட்டால் அது வேறு கணக்கு.

பாங்காக்கில் வேலை என்று சொல்லியிருப்பார்கள். விமான நிலையத்தில் ஏற்றிய கார் வடமேற்கே ஏழெட்டு மணி நேரம் ஓடும். மே சோட் வந்துவிடும். எதிரே மொயீ ஆறு, அக்கரையில் மியான்மர். அந்தக் கரையில் நிற்கும்வரை பையன் தாய்லாந்தில்தான் இருக்கிறான், கையில் போனும் இருக்கலாம். 1155-ஐ அழுத்தினால் அந்நாட்டுச் சுற்றுலாக் காவல்துறை எடுக்கும்.

அவன் அழுத்துவதில்லை. சந்தேகம் வராமல் இல்லை, காரில் மூன்றாவது மணி நேரத்திலேயே வந்திருக்கும். அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எந்த முகத்தோடு திரும்புவது? இதைப் பேராசை என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அவனை ஆற்றைத் தாண்டும் படகில் ஏற்றுவது பெரும்பாலும் கடனும் கூச்சமும்தான். “காசு போனா போகுது, சரியா படலேன்னா வந்துடுப்பா” என்று அப்பா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன்பே, அதுவும் இரண்டு முறை, சொல்லியிருக்க வேண்டும்.

அக்கரைக்குப் போன பிறகு வீட்டுக்கு போன் வந்தாலும் பக்கத்தில் ஒருவன் நிற்பான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேம்மா.” அவ்வளவுதான். அதனால் கிளம்பும் முன்பே ஒரு பேச்சை முடிவு செய்து வைப்பது நல்லது. பத்து வருடத்துக்கு முன் இறந்துபோன பாட்டியை அவன் விசாரிக்கிறான் என்று வையுங்கள். “பாட்டிக்கு இப்ப கால்வலி எப்படிம்மா இருக்கு?” அம்மா அழாமல், “பரவால்லப்பா, நடக்கிறா” என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

(தொடரும்)