அந்தப் பதினெட்டரை சதவீதம்

1976 கோடையில் பாபி ஆர் பாஸ்டனை விட்டு சிகாகோவுக்குப் போனார். பனி ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒன்டாரியோ மாகாணத்தின் பாரி சவுண்ட் என்ற சிற்றூரிலிருந்து பதினெட்டு வயதில் பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணிக்கு வந்த பையன் அவர். 1970இலும் 1972இலும் பாஸ்டனுக்கு நேஷனல் ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்தார். தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே லீக்கின் புள்ளிப் பட்டியலில் இரண்டு முறை முதலிடம் பிடித்தார். ஆனால் இடது முழங்காலில் அறுவைக்கு மேல் அறுவை. சிகாகோவுக்காக மொத்தமே 26 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. முப்பது வயதில் எல்லாம் முடிந்தது. உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், இத்தனை ஆண்டு சம்பாதித்ததில் கையில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது. அவரைத் தக்கவைத்துக்கொள்ள, அணியின் உரிமையில் 18.5 சதவீதப் பங்கையே தரவும் பாஸ்டன் முன்வந்திருந்தது. பேச்சு நடத்தியவர் அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சன். தனக்கு அது சொல்லப்படவே இல்லை என்கிறார் பாபி. அவருக்குத் தெரியும் என்பது ஈகிள்சனின் வாதம். அணி தந்த சலுகைகளை எழுதி, வீரர் படித்துக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. இது நடந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். இன்றும் ஒரு வீரரோ அவரைப் பெற்றவர்களோ முகவரிடம் போகும்போது முதலில் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

முகவர் நிறுவனம் என்னதான் செய்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் ஒப்பந்தத் தொகை மட்டும் தெரியும். நேஷனல் ஹாக்கி லீக்கில் பதினெட்டு வயதில் தேர்வாகும் பையனுக்கு அந்தத் தொகையில் பேரம் பேசவே பெரிதாக இடமில்லை. முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அடிப்படைச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கையெழுத்து ஊக்கத்தொகைக்கும் வரம்பு உண்டு. இவற்றையெல்லாம் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. முகவரின் கைத்திறன் தெரிவது மற்ற இடங்களில்: ஆட்டத்திறனுக்கான ஊக்கத்தொகை எப்படி எழுதப்படுகிறது, ஒப்பந்தம் எந்தப் பருவத்தில் தொடங்குகிறது, பையன் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டால் என்ன கிடைக்கும் என்பனவற்றில். அதன் பிறகு அன்றாட வேலைகள். வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு விசா, புது ஊரில் வீடு, காப்பீடு, வரிக் கணக்கர், காயம்பட்டால் அணி மருத்துவரைத் தாண்டி இரண்டாவது மருத்துவக் கருத்து. இந்த இரண்டாவது கருத்து வீரரின் உரிமை, அணி காட்டும் கருணை அல்ல. கேட்கத் தயங்கும் இளைஞனுக்காக முகவர்தான் கேட்க வேண்டும். மது, போதை மருந்து, மனச்சோர்வு என்று சிக்கிக்கொள்பவர்களுக்கு லீக்கும் சங்கமும் 1996 முதல் சேர்ந்து நடத்தும் உதவித் திட்டம் இருக்கிறது. அதற்கான வழியைக் காட்டுவதும் நல்ல முகவரின் வேலைதான்.

சம்பளத் தகராறு நடுவரிடம் போகும்போது முகவரின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். அங்கே அணியின் வேலையே, தன் சொந்த வீரர் ஏன் அவ்வளவு பணத்துக்குத் தகுதியானவர் இல்லை என்று நிறுவுவது. 1990களில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் கோல்காப்பாளர் டாமி சாலோ தன் விசாரணையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றி அணியின் பொது மேலாளர் அடுக்கிய குறைகளைக் கேட்டு அழுதே விட்டார் என்பது ஹாக்கி உலகில் எல்லோரும் அறிந்த கதை. அடுத்த பருவத்தில் அதே அணிக்காகத்தான் அவர் வலைமுன் நிற்க வேண்டும். அந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவும், எண்களை வைத்துப் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

சின்ன எழுத்துவேலை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு எவ்கெனி டாடோனோவ் கதை ஒன்று போதும். ரஷ்ய வீரரான அவருடைய ஒப்பந்தத்தில், தான் போக விரும்பாத பத்து அணிகளின் பட்டியலைத் தரும் உரிமை இருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த ஆண்டுக்கு உரிமை இல்லை. ஒட்டாவா அணி அவரை வேகஸுக்கு மாற்றியது. 2022 மார்ச்சில், பரிமாற்றக் கெடு முடியும் நாளில், வேகஸ் அவரை அனாஹெய்முக்கு மாற்றியது. அனாஹெய்ம் அவருடைய பட்டியலில் இருந்த அணி. பட்டியல் உரிய நேரத்தில் ஒட்டாவாவுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றை அவருடைய முகவர் வைத்திருந்தார். இரண்டே நாளில் லீக் அந்தப் பரிமாற்றத்தைச் செல்லாது என்று அறிவித்தது. ஒரு வீரர் எந்த ஊரில் வாழ்வார் என்பதை, பல மாதங்களுக்கு முன்பு அனுப்பிப் பத்திரப்படுத்திய ஒரு தாள் தீர்மானித்தது. முகவரைப் பற்றி யார் என்ன பெருமை சொன்னாலும் சரி, இப்படித் தேதி பார்த்து வேலை செய்கிறவர்தானா என்று விசாரியுங்கள்.

இனி பணம். ஹாக்கியில் முகவர் கட்டணம் வழக்கமாக நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை இருக்கும். அதைத் தருவது அணி அல்ல, வீரர். பத்து லட்சம் டாலர் சம்பளம் என்று செய்தித்தாளில் வந்தால் வீட்டில் எல்லோரும் பத்து லட்சம் என்றே நினைத்துக்கொள்வார்கள். முகவருக்கு நூற்றுக்கு நான்கு என்றால் 40,000 போகும். லீக்கின் வருமானம் அணிகளுக்கும் வீரர்களுக்கும் சரிபாதியாகப் பிரிய வேண்டும் என்பதால், வீரர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. எஸ்க்ரோ என்பார்கள். கொரோனா காலத்து 2020-21 பருவத்தில் அது நூற்றுக்கு 20 வரை போனது. ஒன்டாரியோவில் வாழ்பவர் என்றால் உச்ச வருமான வரி பாதிக்கும் மேல். கடைசியில் வீட்டுக்கு வருவது நான்கு லட்சத்தைச் சுற்றித்தான். இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்பே தாளில் போட்டுக் காட்டாத முகவர் தன் வேலையில் பாதியைச் செய்யவில்லை.

பணத்தைவிட என்னை அதிகம் கலங்க வைப்பது ஜாக் ஜான்சனின் கதை. லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்தவர், 2011 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு 3 கோடியே 5 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். அதற்கு முன்பே தன் முகவரை விலக்கிவிட்டுப் பெற்றோருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பத்திரத்தை வைத்து, அவர் இனிமேல் சம்பாதிக்கப்போகும் பணத்தை அடகு காட்டி, அதிக வட்டிக்குக் கடன்மேல் கடன் வாங்கப்பட்டது. 2014 அக்டோபரில் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் அவர் திவால் மனு கொடுத்தபோது, கடன் ஒரு கோடி டாலருக்கு மேல். கையிருப்பு 50,000 டாலருக்கும் கீழே. நம் வீடுகளில் அப்பா அம்மாவிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. நானும் அப்படி வளர்ந்தவன்தான், அதனால் இதை எழுதுவது எனக்கும் எளிதாக இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். பவர் பத்திரம் யாருக்குக் கொடுத்தாலும் அதில் காலவரம்பு இருக்கட்டும். கடன் வாங்கும் அதிகாரம் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். வங்கியிலிருந்து வரும் மாதக் கணக்கு வீரரின் கைக்கே வரட்டும்.

பெற்றோர் வேண்டாம், படித்த ஆலோசகர் வேண்டும் என்று போனாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஃபில் கென்னர் என்ற நிதி ஆலோசகர், கல்லூரியில் பழகிய ஹாக்கி வீரர் ஒருவர் வழியாக ஹாக்கி வட்டத்துக்குள் நுழைந்தார். ஹவாய் நிலம் அது இது என்று வீரர்களின் பணத்தை வாங்கி மோசடி செய்ததாக 2015இல் நியூயார்க்கில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2020இல் 17 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு வீரர் சொல்லி இன்னொரு வீரர், உடைமாற்றும் அறையில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லி இவர் என்று நம்பிக்கை கைமாறியதே அங்கே முதலீடு. வீரர் சங்கம் தரும் முகவர் சான்றிதழ், லீக் ஒப்பந்தம் பேசுவதற்கான சான்றிதழ் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் சேமிப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால், அந்த வேலைக்கு வேறு பதிவு வேண்டும். கனடாவில் மாகாணப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையங்களின் பதிவேட்டிலும், அமெரிக்காவில் ஃபின்ரா அமைப்பின் புரோக்கர்செக் பதிவேட்டிலும் பெயரைத் தட்டினால் இலவசமாகவே பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

டொரன்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வளரும் பிள்ளைக்கு ஹாக்கி கைவந்துவிட்டால், ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற ஜூனியர் லீக்கின் தேர்வு பதினைந்து, பதினாறு வயதிலேயே வந்துவிடும். அப்போது வீட்டுக் கதவைத் தட்டுபவர் தன்னை முகவர் என்று சொல்லமாட்டார். குடும்ப ஆலோசகர் என்பார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிகள் முகவர் வைத்துக்கொண்ட மாணவரைத் தகுதியிழக்கச் செய்ததால் பிறந்த பெயர் அது. ஜூனியர் லீக்கில் ஆடினாலே கல்லூரி வாசல் மூடிவிடும் என்ற நிலை 2025 ஆகஸ்டிலிருந்து மாறிவிட்டது. பழைய விதியைச் சொல்லி, இன்றைக்கே முடிவெடுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். இந்த ஆலோசகர் பெரும்பாலும் இப்போது கட்டணம் கேட்கமாட்டார். பிள்ளை பெரிய லீக்குக்குப் போனால் தன்னிடமே இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதில் தவறில்லை. ஆனால் அது எழுத்தில் இருக்கிறதா, எப்போது விலகலாம், சங்கத்தின் சான்றிதழ் பெற்றவர்தானா என்று கேளுங்கள். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலைச் சங்கமே வெளியிடுகிறது. ஜூனியர் அணியில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் படிப்புச் செலவு என்று உதவித்தொகை உண்டு. அது எந்தச் சூழலில் கைவிட்டுப் போகும் என்பதையும் கேளுங்கள். கோல் போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர் இதைப் பற்றிப் பத்து நிமிடமாவது பேச வேண்டும்.

இன்னொரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: என் முகவர் நாளை எதிர்ப்பக்கம் போய்விட்டால்? பல ஆண்டுகள் முகவராக இருந்த கென்ட் ஹியூஸ் 2022 ஜனவரியில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் பொது மேலாளர் ஆனார். நட்சத்திர வீரர் கானர் மெக்டேவிடின் முகவராக இருந்த ஜெஃப் ஜாக்சன் 2023 ஆகஸ்டில் எட்மன்டன் ஆய்லர்ஸ் அணியின் ஹாக்கிப் பிரிவுத் தலைமைக்கு வந்தார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அவர்கள் பழைய தொழிலை விட்டுத்தான் வந்தார்கள். ஆனால் உங்கள் காயங்கள், பணத்தேவை, மனத்தயக்கம் எல்லாம் தெரிந்த ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரலாம் என்பது நடக்கக்கூடிய விஷயம். குறிப்பிட்ட ஆள் நிறுவனத்தை விட்டுப் போனால் வீரரும் உடனே விலகலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம், கேட்டால் சேர்ப்பார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈகிள்சனே சாட்சி. 1967இல் உருவான வீரர் சங்கத்தின் முதல் தலைமை அதிகாரி அவர். அதே நேரத்தில் வீரர்களின் முகவர். அதே நேரத்தில் கனடா கோப்பை போன்ற சர்வதேசப் போட்டிகளின் அமைப்பாளர். எல்லாச் சாவியும் ஒரே கொத்தில். மாசசூசெட்ஸின் லாரன்ஸ் ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ரஸ் கான்வே 1991இல் எழுதத் தொடங்கிய தொடர் அந்தக் கொத்தைப் பிரித்துக் காட்டியது. காயத்தால் ஆட்டம் முடிந்துபோன வீரர்களின் காப்பீட்டுப் பணத்தில் கைவைத்தார் என்பதும் குற்றச்சாட்டுகளில் இருந்தது. 1998 ஜனவரியில் ஈகிள்சன் பாஸ்டனிலும் டொரன்டோவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பத்து லட்சம் கனடிய டாலர் அபராதம், 18 மாதச் சிறை. உள்ளே இருந்தது ஆறு மாதம்.

தவறு நடந்தால் போக வேண்டிய இடங்கள் இன்று இருக்கின்றன. சங்கத்தின் சான்றிதழ் பெற்ற முகவர் மேல் சங்கத்திடமே புகார் தரலாம், கட்டணத் தகராறு நடுவரிடம் போகும், சான்றிதழ் பறிபோகலாம். முதலீட்டு மோசடி என்றால் பங்குச்சந்தை ஆணையமும் காவல்துறையும். வழக்கறிஞரே முகவராக இருந்தால் வழக்கறிஞர் மன்றத்துக்கும் எழுதலாம். எந்தக் கதவைத் தட்டினாலும் அவர்கள் முதலில் கேட்பது தாள்களைத்தான்: முகவர் ஒப்பந்தத்தின் நகல், ஒவ்வொரு சலுகைக் கடிதம், வங்கிக் கணக்கு, அனுப்பிய மின்னஞ்சல்கள்.

டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸின் பழைய தடுப்பாட்டக்காரர் கார்ல் புரூவர் செய்ததும் தாள்களைக் கேட்டதுதான். ஓய்வூதியம் மிகக் குறைவாக இருக்கிறதே என்ற சந்தேகம் அவருக்கு. ஆவணங்களைக் காட்டுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். தொல்லை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. கடைசியில் பழைய வீரர்கள் சேர்ந்து லீக்கின் மேல் வழக்குப் போட்டார்கள். ஓய்வூதிய நிதியின் உபரி வீரர்களுக்கே சேர வேண்டும் என்று 1992இல் ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லீக் மேல்முறையீடு செய்து 1994இல் அதிலும் தோற்றது. வயதான ஹாக்கிக்காரர்களின் வீடுகளுக்குக் காசோலைகள் போய்ச் சேர்ந்தன.