எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்கும் முன்

ராணிப்பேட்டை மாவட்டம் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "பன்னி வந்து வேர்க்கடலையெல்லாம் நோண்டிப் போட்டுட்டுப் போகுது சார். ஒரே சூட்டுல விழணும். எந்தத் துப்பாக்கி நல்லது?" மாதக்கணக்கில் பாடுபட்டதை ஒரே ராத்திரியில் இழந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேட்டை சட்டப்படி நடந்த காலத்தில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. ஓசூர், சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி நடந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைபிளை நம்பினார். வடக்கே வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டிடம் இலகுவான .275 ரைபிளும் கனமான .450/400 ரைபிளும் இருந்தன. 1912இல் வந்த .375 தோட்டாவை, பெரிய மிருகங்களுக்கு இதைவிடச் சிறியது கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் சில இன்றும் வரம்பாக வைத்திருக்கின்றன. குண்டு கனமாக இருக்க வேண்டும், எலும்பைத் துளைத்து உள்ளே போக வேண்டும், இரண்டாவது தோட்டா உடனே குழலுக்குள் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விசையை இழுத்தால் தோட்டா வெடித்தே தீர வேண்டும். பரணில் பல வருஷம் வெப்பமும் ஈரமும் பட்டுக் கிடந்த தோட்டா வெடிக்காமல் போகலாம். சில நொடி தாமதித்து, துப்பாக்கியைத் திறக்கும் நேரத்தில் முகத்தில் வெடிக்கவும் செய்யலாம்.

நம் மலையோர ஊர்களில் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வாய் வழியாகக் கருமருந்தைக் கிட்டித்து, ஈயத் துண்டையோ பால்ரஸ் குண்டையோ போட்டுச் சுடுவது. ஒரே ஒரு சூடு. மறுபடி கிட்டிக்க நேரம் கிடைக்காது. மருந்து கொஞ்சம் கூடினால் குழலே வெடித்து விரல் போகும். மருந்தில் ஈரம் ஏறினால் வெடிக்காது. குண்டு பட்டும் சாகாத பன்றி அதோடு ஓடிப் போய்விடுவதில்லை. கரும்புத் தோட்டத்திலோ கோரைப் புதரிலோ ரத்தம் ஒழுகப் படுத்திருக்கும். விடியற்காலையில் புல்லறுக்க முதலில் உள்ளே நுழையும் பெண்ணின் தொடையைத்தான் அதன் தந்தம் கிழிக்கும். சுட்டவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த ஆபத்துதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டபோது, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாட லைசென்ஸ் தரும் வழக்கமே முடிந்துபோனது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இன்று எந்த அலுவலகத்திலும் வேட்டை அனுமதி கிடைக்காது. காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதைச் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறுத்தை முதல் பட்டியல்; தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை. இவை விலங்குக்கான கணக்கு மட்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் தனியாக வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. பட்டறையில் செய்து கொடுத்தவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. ஒரு பன்றிக்காகக் குடும்பமே கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

ஏர்கன் பற்றியும் சொல்லியாக வேண்டும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கு வரும் இளைஞர்கள், சுடுவதற்கும் அனுமதி இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நாரையையோ காட்டு வாத்தையோ எதைக் கொண்டு கொன்றாலும் குற்றம்தான்.

துப்பாக்கி வேண்டாம் என்று சிலர் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள், வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலில் வைத்த மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. குட்டிகள் இரண்டு தாயின்றி நின்றன. நிலத்துக்காரர் கைதானார். அதே கம்பியை இருட்டில் பக்கத்து வயல்காரர் மிதித்தால் அவர் உயிரும் போகும், வழக்கும் வரும். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதையும் மாடும் நாயும் யாருடையவை? நம் ஊர்க்காரர்களுடையவைதானே.

அப்படியானால் வழி என்ன? 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்குத் தனி ஏற்பாடு கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். எனவே உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலில் வி.ஏ.ஓ.விடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு ரேஞ்சர் ஆபீசுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்கவும் அந்தக் காகிதம்தான் ஆதாரம். ஐந்தாறு பேர் சேர்ந்து கொடுத்தால் பலன் சீக்கிரம் தெரியும். சுடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. கறியைப் பங்கு போட யாருக்கும் உரிமையில்லை.

சிறுத்தை, யானை என்றால் முடிவு தலைமை வன உயிரினக் காப்பாளருடையது. மனித உயிருக்கு ஆபத்து, பிடிக்கவோ மயக்கவோ வழியில்லை என்றால், காரணம் எழுதி அவர் கொல்ல உத்தரவிடலாம். 2021இல், கூடலூர், மசினகுடி பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலிக்கு அப்படி உத்தரவு போட்ட பிறகும், அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள் புகுந்த சிறுத்தையையும் அப்படியே பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்றதையும் நாம் மறக்கவில்லை. உயிரிழப்புக்கு அரசு தரும் நிவாரணம் 10 லட்சம் ரூபாய். அந்தத் தொகை எந்த வீட்டின் துக்கத்தையும் ஆற்றாது. ஆனாலும் அது உரிமை, கேட்டு வாங்க வேண்டும். மேலே பாய்ந்த விலங்கை உயிர் காக்க அடித்துக் கொன்றால் வனவிலங்குச் சட்டத்தின் 11(2) பிரிவின்படி குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே வேட்டைக்குப் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி லைசென்ஸ் என்று ஆயுதச் சட்டத்திலேயே ஒரு வகை இருக்கிறது. ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். கிடைத்தாலும், அது துப்பாக்கி வைத்திருப்பதற்கான அனுமதி மட்டுமே. விலங்கைக் கொல்லும் அனுமதி அதில் அடங்காது.

கடைசியாக, தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டுப் பரணில் கிடக்கும் குடும்பங்களுக்கு. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அதைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம், இல்லையென்றால் முறைப்படி விற்கலாம். ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்காதீர்கள். 112க்குப் போன் செய்து சொல்லுங்கள், போலீசாரே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.