கொள்ளைநோயும் கூலிக் கணக்கும்

1896-ஆம் ஆண்டில் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றிற்று. ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகத் தங்கள் கிராமங்களுக்குத் திரும்பினர். அதுவரை, கூலியை வாரக்கணக்கில் பாக்கி வைத்துத் தொழிலாளியை நிறுத்திக்கொள்வது ஆலைகளின் வழக்கம். ஆட்கள் அரிதானவுடன் முதலாளிமார் போட்டியிட்டு, அன்றாடக் கூலியை அன்றாடமே கொடுக்க முன்வந்தனர். நோய் தணிந்தபின் பழைய வழக்கமே மீண்டது. நெருக்கடியில் பிறந்த சலுகை ஏட்டில் ஏறாவிட்டால், நெருக்கடியோடேயே மறைந்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

நம் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. திருப்பூரில் பனியன் ஆலைகள் நின்றன. வெளிநாட்டு வியாபாரிகள் பலர் ஆர்டர்களை ரத்துச் செய்தனர். மே மாதம் முதல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர் தனி ரயில்களில் ஊர் சென்றனர். பின்னர் ஆர்டர்கள் வந்தன. தையல் இயந்திரத்தின் முன் அமர ஆள் இல்லை. ஆட்களை அழைத்துவரப் பல நிறுவனங்கள் பேருந்து அனுப்பின. ஆள் எப்போதும் கிடைப்பான் என்ற எண்ணம் முதலாளிக்கும், வேலை எப்போதும் இருக்கும் என்ற எண்ணம் தொழிலாளிக்கும் ஒருங்கே கலைந்தது.

கூலி தருவது யார்?

ஊரடங்கில் மூடிக் கிடக்கும் நாட்களுக்கும் பிடித்தமின்றிக் கூலி தரவேண்டுமென மத்திய அரசு 2020 மார்ச் 29-இல் ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் ஜூன் 12-இல் கூறிற்று.

ஆலைத் தொழிலாளிக்குப் பேச ஒரு முதலாளியாவது உண்டு. வீட்டில் தறி நெய்பவர் எவரோடு பேசுவார்? நகரத்து அலுவலகங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் முறையைப் புதுமையெனக் கொண்டாடின. நெசவாளருக்கு அது பரம்பரை வாழ்க்கை. ஆனால் அலுவலருக்கு மாதச் சம்பளம் உண்டு; நெசவாளருக்கோ நெய்தால்தான் கூலி. பாவு வராத நாளில் வீடும் தறியும் இருந்தும் வருவாய் இல்லை.

ஏடே காவல்

கூட்டுறவில் சேர்ந்தவர் நிலை சற்று வேறு. 1975 முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்தினால், அரசு 4 காசு சேர்க்கிறது. ஆகவே கூலி சங்கத்தின் ஏட்டில் ஏறினால்தான் சேமிப்பும் ஏறும். வெளியாரிடம் நெய்து, ஏட்டில் பதியாத கூலி, கைக்கு வந்த அன்றே தீர்ந்துபோகிறது. ஆலையில் வருங்கால வைப்பு நிதி இல்லாத தொழிலாளியின் நிலையும் இதுவே.

மடத்துக்குளம் வட்டாரத்தில் அமராவதிப் பாசனத்தில் பயிரிடுவோர் ஒருவர், தறியில் ஒருவர், பனியன் கம்பெனியில் ஒருவர் என ஒரே குடும்பத்தில் வாழ்வோர் உண்டு. ஒரு வருவாய் நின்றால் மற்றொன்று தாங்கிற்று. குடும்பம் செய்ததைச் சங்கமும் செய்யவேண்டாமா?

சங்கத்தில் வேலை கொடுப்பவரும் நாமே; வேலை செய்பவரும் நாமே. எனவே கூலி யார் தருவது என்ற கேள்வி இறுதியில் நம்மிடமே வந்து நிற்கிறது. நல்ல விற்பனை நடக்கும் ஆண்டிலேயே, தறி நிற்கும் நாட்களுக்கென ஒரு தொகையை ஒதுக்கப் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் முடிவு காணவேண்டும். வெள்ளம் வந்தபின் கரை கட்டுதல் இயலாது.