ஒரே தொகுதியில் 11 முறை வென்ற சங்கோலா எம்.எல்.ஏ.

போசரியில் இருந்து ஆலந்திக்குப் போகும் சாலை, அந்தப் பகுதித் தமிழர்களுக்கு நன்கு பழக்கமானது. ஞானேசுவரர் சமாதி உள்ள அந்த ஊரில்தான், 1947ஆம் ஆண்டு, காங்கிரசில் இருந்த தலைவர்கள் சிலர் கூடி விவசாயிகள்-தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார்கள்.

ஆஷாட ஏகாதசிக்காக ஞானேசுவரர் பல்லக்கு புறப்படுவதும் அங்கிருந்துதான். அது போய்ச் சேரும் பண்டரிபுரத்துக்கு அப்பால், சுமார் 30 கிலோ மீட்டரில் இருக்கிறது சங்கோலா என்ற சிற்றூர். ஆலந்தியில் பிறந்த கட்சி பல இடங்களில் தேய்ந்த பிறகும், சுமார் 50 ஆண்டுகள் அதன் குரலாகச் சட்டசபையில் ஒலித்தவர், சங்கோலா எம்.எல்.ஏ. கணபதிராவ் தேஷ்முக்.

வக்கீல் தொழில்

சோலாப்பூர் மாவட்டம் பேனூரில் பிறந்தவர். சட்டம் படித்து, சங்கோலாவில் வக்கீல் தொழில் நடத்தினார். 1962 தேர்தலில் முதன்முதலாக வெற்றி பெற்றார். ஊர் மக்கள் அவரை "ஆபா" என்று அன்போடு அழைத்தார்கள்.

தேர்தலில் பலமுறை வென்றவர் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவர் கலைஞர் கருணாநிதி. 1957 முதல் 2016 வரை 13 முறை வென்றவர் அவர், தோல்வியே கண்டதில்லை. ஆனால் குளித்தலை முதல் திருவாரூர் வரை தொகுதிகள் பல. தேஷ்முக் வென்ற 11 முறையும் தொகுதி ஒன்றே, கட்சியும் ஒன்றே. போசரி தனித் தொகுதியாகி முதல் தேர்தலைச் சந்தித்த 2009ல், அவர் 10வது முறையாக வென்றுகொண்டிருந்தார்!

192 ஓட்டு

தோல்வியும் அவருக்கு வந்தது. 1972ல் தோற்றார், 1974 இடைத்தேர்தலில் வென்றார். 1995ல் சஹாஜி பாப்பு பாட்டீலிடம் 192 ஓட்டில் தோற்றார். வேறு கட்சிக்குப் போகவில்லை; வேறு தொகுதி தேடவில்லை. 1999ல் அதே மக்களிடம் ஓட்டுக் கேட்டு வென்றார்.

1978ல் சரத் பவார் மந்திரிசபையிலும், 1999ல் விலாஸ்ராவ் தேஷ்முக் மந்திரிசபையிலும் இடம்பெற்றார். மற்றக் காலம் பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசையே. எம்.எல்.ஏ. ஆன பிறகும் அரசு பஸ்சில் ஏறிப் போய் வந்தார்.

வானம் பார்த்த பூமி

மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்வதால், சங்கோலா வறண்ட பூமி. "தண்ணீர்" என்பதே அங்கு அரசியல். 1993 முதல் நாகநாத் அண்ணா நாயக்வாடி நடத்திய தண்ணீர்ப் போராட்டத்தில், தேஷ்முக்கும் தோள் கொடுத்தார். கராடு அருகே தெம்புவில் கிருஷ்ணா நதி நீரைப் பம்புகளால் படிப்படியாக மேலேற்றி, வறண்ட தாலுகாக்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. ஆண்டுகள் பல உருண்டன. தண்ணீர் மெல்ல மெல்லத்தான் வந்தது.

அதுவரை விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. குறைந்த தண்ணீரில் விளையும் மாதுளையைப் பயிரிட்டார்கள். தேஷ்முக்கின் தலைமையில் கூட்டுறவு நூற்பாலையும் எழுந்தது. நாட்டின் 100வது விவசாயிகள் ரெயில், 2020 டிசம்பர் 28ந் தேதி மேற்கு வங்காளத்துக்குப் புறப்பட்டது சங்கோலாவில் இருந்துதான். அதைக் காண தேஷ்முக் உயிரோடு இருந்தார்.

போதும் என்ற மனம்

2019ல் தொண்டர்கள் வற்புறுத்தியும், வயதைக் காரணம் காட்டித் தேர்தலில் நிற்க மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக நின்ற பேரன் அனிகேத், ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். 2021 ஜூலை 30ந் தேதி, 94வது வயதில் தேஷ்முக் காலமானார். 2024ல் மற்றொரு பேரன் பாபாசாகேப், அதே கட்சியின் சார்பில் நின்று தொகுதியை மீட்டார்.

மழை பொய்த்த மண்ணை விட்டு, போசரித் தொழிற்சாலைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு, ஊரில் தண்ணீர் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியும். அந்தத் தண்ணீருக்காக ஒரே ஊரில் நின்று, வென்றும் தோற்றும் உழைத்தவர் தேஷ்முக். ஆபாவின் சொத்து அதுதான்.