பாதை ஒன்று, கடைகள் பல!
பொதுக் கண்ணாடி இழை இணைப்பால் வணிகருக்கு என்ன நன்மை?

கடைத்தெருவில் ஒரு கம்பெனி பள்ளம் தோண்டி கேபிள் பதித்துவிட்டுப் போகிறது. போட்ட தார் காய்வதற்குள் இன்னொரு கம்பெனி வந்து அதே இடத்தில் மீண்டும் தோண்டுகிறது. சரக்கு லாரி தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார். இத்தனை சிரமத்துக்குப் பிறகும், நம் கடை வாசல்வரை இணைப்பு தரக்கூடிய கம்பெனிகள் எத்தனை என்று எண்ணினால், பல இடங்களில் ஒன்றோ இரண்டோதான். அவர்கள் சொன்னதே விலை.

பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வது, மண்டிக்கு ஆர்டர் அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது என எல்லாமே இன்று இணைய இணைப்பை நம்பி இருக்கின்றன. ஆகவே இந்த இணைப்பு எப்படி நடத்தப்படுகிறது என்பது வணிகர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

கண்ணாடி இழை என்பது தலைமுடி அளவே உள்ள மெல்லிய இழை. அதன் வழியே ஒளியாகச் செய்தி பாய்கிறது. இந்த இழைக்கு ஆகும் செலவைவிட, தெருவைத் தோண்டிப் பதிப்பதற்கு ஆகும் செலவே பெரிது. அப்படியிருக்க, ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகத் தோண்டுவானேன்? ஒரே அமைப்பு ஒருமுறை பதித்து, கேட்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாடகையில் கொடுத்தால் என்ன? இதுதான் பொதுப்பாதை முறை.

நமக்குத் தெரிந்த உதாரணம் நகராட்சி மார்க்கெட். நகராட்சி கட்டடம் கட்டிக் கடைகளை வாடகைக்கு விடுகிறது. தானே பருப்பும் புளியும் விற்பதில்லை. கட்டடச் சொந்தக்காரரே முன்வரிசையில் மளிகைக்கடை வைத்திருந்தால், போட்டியாளரான நமக்கு நல்ல இடம் கொடுப்பாரா? கேபிள் விஷயமும் அப்படித்தான். பாதை வைத்திருப்பவர் ஒருவர், அதில் வியாபாரம் செய்பவர் வேறொருவர் என்று பிரித்து வைப்பதே இம்முறையின் உயிர்நாடி.

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994இல் ஸ்டோகாப் என்ற நிறுவனத்தை இதற்காகவே தொடங்கியது. அது வெறும் இழையை மட்டும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே விதிப்படி வாடகைக்கு விடுகிறது. பொதுமக்களுக்கு நேரடியாக இணைய சேவை விற்பதில்லை.

சிங்கப்பூர் அரசு இதை மூன்று அடுக்காகப் பிரித்தது. பூமிக்கடியில் உள்ள இழைக்கு ஒரு நிறுவனம். அதில் கருவிகளைப் பொருத்தி மொத்தமாக விற்க ஒரு நிறுவனம். அதை வாங்கி வீட்டுக்கும் கடைக்கும் சில்லறையாகத் தரப் பல கம்பெனிகள். 2010இல் சேவை தொடங்கியது. இழைக்குரிய மாத வாடகையை அரசின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. வீட்டு இணைப்புக்குத் தொடக்கத்தில் 15 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது, 2018இல் 13.80 ஆகவும், 2024இல் 13.50 ஆகவும் குறைந்தது. பெரிய கம்பெனியானாலும் புதிதாக வந்த சிறிய கம்பெனியானாலும் கொள்முதல் விலை ஒன்றே. ஆகவே போட்டி, விற்பனை விலையிலும் சேவையிலும்தான் நடக்கிறது. கொள்முதல் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் சின்னக் கடையும் நிமிர்ந்து நிற்கும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இம்முறையில் வணிகருக்குக் கிடைக்கும் இன்னொரு நன்மை, கம்பெனியை மாற்றும் சுதந்திரம். கடைக்குள் வந்த இழை அப்படியே இருக்கும்; சேவை தருபவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியும் என்று தெரிந்தாலே கம்பெனிக்காரர் போனை எடுத்துப் பதில் சொல்வார்!

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பழுது ஏற்பட்டால் இழைக்காரர் சேவைக்காரரையும், சேவைக்காரர் இழைக்காரரையும் கை காட்டும் தொல்லை உண்டு. மேலும், பாதை ஒன்றாக இருந்தால் விபத்தும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். 2013 அக்டோபரில் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் ஏற்பட்ட தீயில் கேபிள்கள் எரிந்தபோது, ஒரே நேரத்தில் பல கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தனர்; வங்கிச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கிவிட்டோம், கவலையில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே கேபிளில் வந்தால் அது ஒரே இணைப்புதான். மாற்று ஏற்பாடாக மொபைல் இணைப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

நமது நாட்டிலும் இந்தக் கருத்து புதிதல்ல. சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இழையால் இணைத்து, சேவை தரும் கம்பெனிகளுக்குப் பாகுபாடின்றித் திறந்துவிடுவதற்கான திட்டத்தை மத்திய அரசு 2011இல் ஏற்றது. அதுவே இன்றைய பாரத்நெட். தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் தரப்பட்டது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், பொதுக் குழாய்ப் பாதைகளை அமைத்து எல்லோருக்கும் திறந்துவிட வழி செய்கிறது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, நம் கடைத்தெருவுக்கு அது வந்து சேர்வது வேறு.

ஆகவே இணைப்பு வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். கடைக்குள் வரும் கேபிள் யாருக்குச் சொந்தம்? கம்பெனி மாறினால் அதே கேபிளில் தொடர முடியுமா? பழுதானால் எத்தனை மணி நேரத்தில், யார் பொறுப்பில் சரி செய்வார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வோம். வணிக வளாகங்களில் ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் அனுமதி தரும் உரிமையாளரிடம், மற்றவர்களுக்கும் வழிவிடச் சொல்லி ஒன்றாகப் போய்க் கேட்போம். நகராட்சி அடுத்த முறை நம் தெருவைத் தோண்டும்போது பொதுக் குழாய் ஒன்றையும் சேர்த்துப் பதிக்கும்படி சங்கத்தின் வாயிலாக மனுக் கொடுப்போம்.

தனிக்கடை கேட்டால் கம்பெனி காதில் வாங்காது. கடைத்தெருவே சேர்ந்து கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும்.