திரையில் தெரியாத கிஷோர்

2 தேசிய விருது பெற்ற எடிட்டரின் கதை

காந்திகிராமத்தில் பஸ் ஏறினால் மதுரை அதிக தூரமில்லை. அந்த மதுரையின் சேவல் சண்டையைக் காட்டிய படம் "ஆடுகளம்". 2011-ம் ஆண்டு பொங்கலுக்கு வந்தது. கதாநாயகன் தனுஷின் நடிப்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால், சேவல்கள் மோதும்போது ஜனங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்ததில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. அவர் திரையில் தோன்றவே இல்லை.

அவர்தான் டி.இ.கிஷோர். படத்தின் எடிட்டர்.

அதே படத்தில் கிஷோர் என்ற நடிகரும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.

எடிட்டருக்கு என்ன வேலை?

ஒரே காட்சியைப் பல கோணங்களில், பல தடவை படம் பிடிப்பார்கள். அத்தனையும் எடிட்டரிடம் வரும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று டைரக்டரோடு கலந்து அவர் முடிவு செய்வார். அடி விழும் காட்சியைச் சீக்கிரம் வெட்டினால் வலி தெரியாது. நீட்டினால் சலிப்புத் தட்டும். சரியான இடத்தில் வெட்டினால், பார்ப்பவருக்கே வலிக்கும்.

இந்தத் தொழிலை எடிட்டர்கள் லெனின், வி.டி.விஜயன் ஆகியோரிடம் கிஷோர் கற்றார். 2009-ல் "ஈரம்" படத்துக்கு எடிட்டர் ஆனார். தேயிலைத் தோட்டக் கூலிகளின் துயரத்தைச் சொன்ன "பரதேசி" (2013) அவர் தொகுத்ததுதான். "ஆடுகளம்" பெற்ற 6 தேசிய விருதுகளில் ஒன்று அவருக்குக் கிடைத்தது.

கடைசி வேலை

பிறகு வெற்றிமாறனின் "விசாரணை" வந்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, ஏழைத் தொழிலாளர்களைப் போலீசார் அடிக்கும் கதை. மு.சந்திரகுமார் தாம் பட்ட அடியை எழுதிய "லாக்கப்" நாவலை வைத்து எடுத்தது.

இந்தப் பட வேலையின்போது கிஷோர் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கட்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலனில்லை. 2015 மார்ச் 6-ந் தேதி காலமானார். வயது 36.

அவர் தொகுத்த "காக்கா முட்டை" அந்த ஜூன் மாதம் வெளிவந்தது. பீட்சாவுக்கு ஆசைப்படும் சென்னைக் குடிசைச் சிறுவர்களின் கதை. ஊரே கொண்டாடியது. பார்க்க அவர் இல்லை.

"விசாரணை" அதே ஆண்டு வெனிஸ் பட விழாவுக்குப் போனது. 2016 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. அடுத்த மாதமே தேசிய விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த எடிட்டர், கிஷோர்! வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இனி அந்தப் படங்களைப் பார்க்க நேர்ந்தால், பெயர்கள் ஓடும்போது கொஞ்சம் கவனியுங்கள். எடிட்டிங் என்ற இடத்தில் அவர் பெயர் வரும். நொடியில் மறைந்துவிடும்.