பிளஸ் டூ முடித்த பிறகு எங்கே ஆடுவது?

2019 மே 22-ஆம் தேதி லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டி. மதுரை சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. கிளப் தொடங்கியது 2016-இல்; மூன்றே வருஷத்தில் இந்தியாவின் முதலிடம். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்தும் ஒரு பெண்தான். மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் யாரிடம் இதைச் சொன்னாலும் "அப்படியா டீச்சர்" என்று கேட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் தொகுதி நிலவரத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் பி.டி. டீச்சர். பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று வேன் பிடித்து, எலுமிச்சம்பழமும் குளுக்கோஸும் சுமந்து அலைந்ததில் ஒன்று கண்கூடாகத் தெரிந்தது. நம் பக்கத்துப் பெண்களுக்கு ஆட்டம் வராமல் இல்லை. பிளஸ் டூ வரை அவர்களை விரட்ட என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி கிடைத்தால் இன்னும் மூன்று நான்கு வருஷம் ஓடும். அதன் பிறகு ஆட வேண்டுமென்றால் கிளப் வேண்டும். வயது, படிப்பு, வேலை எதுவானாலும் வாரம் இரண்டு நாள் வந்து பயிற்சி எடுத்து, லீக்கில் பெயர் பதிந்து ஆடும் இடம். பையன்களுக்கு இது ஒரு பிரச்சினையே கிடையாது. தெருவுக்கொரு அணி இருக்கும், டீக்கடைக்காரர் ஜெர்சி வாங்கித் தருவார்.

கிளப் எப்படி உண்டாகிறது என்பதை நான் ஒரு ஜெர்மன் ஊரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். பெர்லினுக்கு மேல்படிப்புக்குப் போன என் பழைய மாணவி ஒரு நாள் வீடியோ காலில் வந்து, "டீச்சர், பக்கத்து ஊர்ல பொண்ணுங்க மேட்ச், நீங்களும் பாருங்க" என்று போனைத் திருப்பினாள். டர்பைன் போட்ஸ்டாம் என்று அணியின் பெயரைச் சொன்னாள். இது என்ன, ஃபேக்டரிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஃபேக்டரி சமாசாரமேதான்.

போட்ஸ்டாம் அன்று கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. 1970-ஆம் வருஷத்தின் கடைசி நாள், அந்த ஊர் மின்சார நிறுவனத்தின் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. பெண்கள் கால்பந்து அணி தொடங்குகிறோம், பெயர் கொடுக்கவும் என்பதுதான் விஷயம். 1971 மார்ச் 3-இல் அணி உருவானது. அங்கே இன்ஜினியராக இருந்த பேர்ண்ட் ஷ்ரோடர் பயிற்சி கொடுக்க வந்தார். வந்தவர், நடுவில் சில வருஷம் தவிர, 2016 வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கிழக்கு ஜெர்மனியில் தொழிலுக்கொரு விளையாட்டு அணி உண்டு. ரயில்வேக்காரர்கள் அணி லோகோமோட்டிவ், மின்சாரக்காரர்கள் அணி டர்பைன். நம் சென்னை லீக்கில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று ஆண்கள் அணிகள் ஆடியது போன்ற ஏற்பாடு.

அரசாங்கம் இதைப் பெரிதாக மதித்ததா என்றால் அதுவும் இல்லை. மகளிர் கால்பந்து அப்போது ஒலிம்பிக்கில் கிடையாது. பதக்கம் வராத ஆட்டத்துக்குக் காசு எதற்கு என்ற கணக்கு. கிழக்கு ஜெர்மனியின் மகளிர் தேசிய அணி தன் வாழ்நாளில் ஆடியதே ஒரே ஒரு மேட்ச். 1990 மே 9, இடம் அதே போட்ஸ்டாம், செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3 தோல்வி. அக்டோபரில் அந்த நாடே இல்லாமல் போனது. ஊர் கிளப் மட்டும் நின்றது.

மேற்கு ஜெர்மனி இன்னும் மோசம். 1954-இல் ஆண்கள் உலகக் கோப்பையை வென்றதும் பெண்களும் ஆசையாகப் பந்தை உதைக்க ஆரம்பித்தார்கள். 1955 ஜூலையில் அந்நாட்டுக் கால்பந்து சங்கம் தடை போட்டது: எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது. பெண்ணின் நளினம் கெடும், உடம்புக்கும் மனசுக்கும் கேடு, பார்க்க அடக்கமாக இருக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்கிலாந்து இதே வேலையை 1921-இலேயே செய்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் லிவர்பூலில் ஒரு மகளிர் மேட்ச் பார்க்க 53,000 பேர் கூடியிருந்தார்கள்.

கோட் சூட் போட்ட பெரிய மனிதர்கள் சொன்னதை எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் ஒரே மூச்சில் சொன்னார். அவர் மகள் நல்ல ஸ்டாப்பர். ஒன்பதாவதில் திடீரென்று பிராக்டீஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கே போனேன். "வெயில்ல கறுத்துப் போயிருக்கா பாருங்க. முட்டியில தழும்பு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா நீங்களா வந்து பதில் சொல்வீங்க, டீச்சர்?" நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, சனிக்கிழமை மட்டுமாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அனுப்பினார். அந்த அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது, பேசினால் இறங்கிவந்தார். சங்கம் இறங்கிவரப் பதினைந்து வருஷம் ஆனது.

1970 அக்டோபர் கடைசியில் தடையை நீக்கினார்கள், நீக்கியதிலும் குசும்பு. பெண்கள் ஸ்டட் வைத்த ஷூ போடக்கூடாது, லேசான பந்தில் ஆட வேண்டும், 70 நிமிஷத்தில் மேட்சை முடிக்க வேண்டும், குளிர்காலத்தில் ஆறு மாதம் ஓய்வு. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் எந்தச் சட்டமும் இல்லாமலே ஸ்டட் இல்லாத கேன்வாஸ் ஷூவில் வழுக்கி விழுந்தவர்கள். பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் நாலாம் நம்பர் ஸ்டட் ஷூ கேட்டால், சின்னப் பையனுக்கா என்று கேட்டபடி எடுத்துத் தருவார்கள். பெண் பிள்ளைக்கு அது முன்பக்கம் அகலமாக இருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டு, லேஸை உள்ளங்காலுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால்தான் நிற்கும். அப்படிக் கட்டிக்கொண்டுதான் எங்கள் கோல்கீப்பர் மாவட்டப் போட்டியில் பெனால்டி பிடித்தாள்.

1989-இல் மேற்கு ஜெர்மனிப் பெண்கள் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது சங்கம் ஆளுக்கொரு காபி செட் பரிசு கொடுத்தது. ஆமாம், கப் அண்ட் சாஸர். அந்தக் காபி செட் இன்றைக்கும் அங்கே மானத்தை வாங்கும் கதை.

டர்பைன் போட்ஸ்டாம் 2004-க்கும் 2012-க்கும் இடையில் ஆறு முறை ஜெர்மன் லீக்கை வென்றது. 2005-லும் 2010-லும் ஐரோப்பாவின் முதல் கிளப். 2007 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட விடாமல் நின்று, இறுதிப் போட்டியில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் தடுத்த நாடீன் ஆங்கரர் அப்போது இந்த கிளப்பின் கோல்கீப்பர். பிறகு வோல்ஃப்ஸ்பர்க், பயர்ன் மியூனிக் என்று ஆண்கள் அணியின் பணபலம் உள்ள கிளப்புகள் மகளிர் ஆட்டத்தில் இறங்கின. டர்பைன் 2023-இல் முதல் டிவிஷனிலிருந்து கீழே போனது, ஏறிவந்தது, 2025-இல் மறுபடி இறங்கியது. நேர்மையும் உழைப்பும் மட்டும் இருந்தால் போதும் என்று நான் என் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. காசும் வேண்டும்.

சேது கதையும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. 2022 மே மாதம் புவனேஸ்வரில் சேதுவும் கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து மேட்ச் ஜெயித்து, கடைசி மேட்சில் நேருக்கு நேர் மோதின. மூன்றாவது நிமிஷத்திலேயே சேது கோல் போட்டுவிட்டது. நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். கோகுலம் அதன்பின் மூன்று போட்டு 3-1 என்று முடித்தது. அந்தக் காலத்தில் முழு லீக்கையும் ஒரே ஊரில் வைத்துச் சில வாரத்தில் முடித்துவிடுவார்கள். சொந்த ஊர்க்காரன் தன் அணியை நேரில் பார்க்க வழியே இல்லை. 2023-24 சீசனில்தான் ஊருக்கு ஊர் போய் ஆடும் முறை வந்தது.

தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தின் வேர் கடலூரில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் அங்கிருந்த அரசு இல்லத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து மாரியப்பன் என்பவர் பந்தை உருட்டினார். அது அகாடமியாக வளர்ந்தது. அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் சேதுவுக்கும் ஆடினார், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆனார். 2020 ஊரடங்கில் சென்னை வீதியில் நின்று டியூட்டி பார்த்தார். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாம் முறை. இந்துமதியின் போலீஸ் வேலையைக் கவனியுங்கள். மாதச் சம்பளம் வந்தால் வீட்டில் யாரும் தழும்பைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இப்போது நம் ஏரியாவுக்கு வருகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே மைதானம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோடு நெடுகக் கல்லூரிகள், அவற்றில் புல் வளர்ந்த மைதானங்கள், மாலையில் பூட்டிய கேட். வேளச்சேரி ரோட்டில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள். பெண்கள் பத்துப் பேர் காசு சேர்த்தாலும் வாராவாரம் கட்டுப்படியாகாது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-லிருந்து மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள், அடையாள அட்டையோடு இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். அதில் பள்ளியில் என்னிடம் ஆடியவர்களும் உண்டு. "இப்ப எங்க டீச்சர் ஆடறது" என்று கேட்கிறார்கள்.

போட்ஸ்டாமில் அன்று ஒரு நிறுவனம் செய்ததை இங்கே ஒரு நிறுவனம் செய்யலாம். இருபது பெண்கள், ஒரு பயிற்சியாளர், லீக் பதிவுக் கட்டணம், ஷூ, போட்டி நாளில் ஷிஃப்ட் மாற்றம். கல்லூரிகள் வாரம் இரண்டு மாலை கேட்டைத் திறந்துவிட்டால் மைதானச் செலவும் மிச்சம். 2021-இல் மாநகராட்சியான தாம்பரத்துக்கு, பெண்கள் பாதுகாப்பாக வந்து போக விளக்கும் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் உள்ள ஒரு மைதானத்தை ஒதுக்குவது பெரிய செலவாக இருக்காது. இந்த வளாகத்திலோ கல்லூரியிலோ மாநகராட்சியிலோ முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். விளையாடப் பெண்களை நான் அனுப்புகிறேன்.